அமுக்கினால் பேச்சு

மிளகாய் வத்தல் ஏலக்கூடத்தில் என் அத்தான் வெயிலுமுத்துவின் மானம் போன அன்று, தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

அவருக்கு இடப்பக்கம் கமுதி சேதுபாண்டி, விற்க வந்தவர். வலப்பக்கம் மசாலாக் கம்பெனி லோகநாதன், வாங்க வந்தவன். நடுவில் தரகர் நாற்காலியில் அத்தான். கையை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தில் ஈ உட்கார்ந்தால்கூட அசையாத பார்வையோடு இருந்தார். அப்போது கூடத்தின் நான்கு மூலை ஸ்பீக்கரிலிருந்தும் ஒரு குரல் வந்தது. செய்தி வாசிக்கிற மாதிரி சுத்தமான குரல்.

"பாவம் சேதுபாண்டி. குடோன்ல இடமில்லை, மழை வர்றதுக்குள்ள தள்ளியாகணும். ஒரு முறை முறைச்சாலே இறங்கிருவான். இந்த லோகநாதன் பய மட்டும் என்ன? அவன் மிஷின் சரக்கில்லாம நின்னு கிடக்கு. வெளியே தெரியாம விறைப்பா உட்கார்ந்திருக்கான்."

கூடம் அப்படியே நின்றது. எடை போடுகிறவன் மூட்டையைத் தூக்கிய வாக்கில் நின்றான். சேதுபாண்டியும் லோகநாதனும் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து அத்தானைப் பார்த்தார்கள். அத்தான் மட்டும் பழைய மாதிரியே இருந்தார், ஒன்றும் நடக்காதது போல. அவரைப் பொறுத்தவரை ஒன்றும் நடக்கவில்லை. மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

தரகனுக்கு முதலீடு என்பது காது. விற்கிறவன் தன் பலவீனத்தை அதில் போடுவான், வாங்குகிறவன் தன் அவசரத்தைப் போடுவான். இரண்டும் உள்ளே போய்ச் சந்தித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் தொழில். அத்தான் வாழ்நாள் முழுக்க அப்படி எத்தனையோ பேருடைய ரகசியத்தைச் சுமந்தவர். அன்றைக்கு இரண்டையும் மைக் வைத்துச் சொல்லிவிட்டார்.

கதை எப்படி இங்கே வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அத்தானுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து, போன வருஷம் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகக் கைக்குரல் பொருத்தினார்கள். கழுத்தில் ஒரு பட்டை, கட்டைவிரலில் ஒரு மோதிரம். மனசுக்குள் ஒரு வாக்கியத்தை நினைத்தால் போதும், கழுத்து நரம்பில் போகிற துடிப்பைப் படித்துப் பட்டை அதைப் பேச்சாக்கிவிடும். நினைப்பதெல்லாம் வெளியே வந்தால் குடும்பம் நடத்த முடியாது என்பதால் மோதிரம். கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு சேர்த்து அமுக்கினால் பேச்சு வெளியே போகும், விட்டால் உள்ளேயே நிற்கும். வீட்டில் அப்படித்தான் பழகினார். அமுக்கினால் பேச்சு, விட்டால் மௌனம். அவர் மனைவி, என் அக்கா தங்கபுஷ்பத்தோடு அமுக்கி அமுக்கிச் சண்டை போட்டு, அவர் விரலில் காய்ப்பே வந்துவிட்டது.

பிறகு கூடத்துக்குப் போனார்.

மறுநாள் கைக்குரல் கம்பெனியிலிருந்து சர்வீஸ் பார்க்க பானு வந்தாள். தூத்துக்குடிப் பெண். பெட்டியைத் திறந்து, பட்டையைச் சோதித்து, மோதிரத்தைச் சோதித்து, "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"நல்லாத்தான் இருக்குன்னா என் மானம் எப்படிம்மா போச்சு?" என்று அத்தான் கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் குரலில் எதைச் சொன்னாலும் தென்கடலோர மாவட்டங்களில் லேசான மழை பெய்யும் என்பது போலத்தான் வரும். மனுஷன் வயிறெரிந்து திட்டுவதற்கும் வழியில்லை.

"அண்ணாச்சி, பழைய கம்ப்யூட்டர் கீபோர்டு பாத்துருப்பீங்கல்ல? அதுல கண்ட்ரோல், ஆல்ட்டுன்னு சில பட்டன் இருக்கும். தனியா அமுக்கினா ஒண்ணும் நடக்காது. வேற பட்டனோட சேத்து அமுக்கினா அந்தப் பட்டனோட வேலையையே மாத்திரும். உங்க கட்டைவிரல் இப்ப அந்த மாதிரி. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு பட்டை படிக்கும். அதை என்ன செய்யணும்னு கட்டைவிரல் சொல்லும்."

"அதைத்தான நானும் செஞ்சேன்? விரலை விட்டுட்டுத்தான உட்கார்ந்திருந்தேன்?"

"உங்க வீட்டு சிஸ்டத்துல விட்டா மௌனம். ஏலக்கூடம் வேற ஆளு போட்ட சிஸ்டம். அதுல விட்டாத்தான் பேச்சு, அமுக்கினா மௌனம். சத்தம் வர்றது நீங்க இருக்கிற இடத்தோட ஸ்பீக்கர்ல. அமுக்கினா என்ன அர்த்தம்னு அந்த இடம்தான் முடிவு பண்ணும்."

நான் இடையில் புகுந்தேன். "ஏம்மா, கட்டைவிரல் யாருது? எங்க அத்தானுதா, ஸ்பீக்கர் மாட்டினவனுதா?"

பானு சிரித்தாள். எரிச்சல் படவில்லை, இந்தக் கேள்வியைத் தினமும் கேட்கிறவள் போல. "கூடத்துல ஏன் அப்படி வெச்சாங்கன்னா, ஏலத்துல எதையும் மறைக்கக் கூடாது, பேசுறதுதான் வழக்கம், மறைக்கணும்னா சிரமப்பட்டு அமுக்கட்டும்னு. ஆஸ்பத்திரியிலயும் விட்டாப் பேச்சுதான். அங்க நோயாளிக்கு விரலை அமுக்கத் தெம்பு இருக்காதுல்ல, அவர் கூப்பிட்டா நர்ஸுக்குக் கேக்கணும்ல? கார்ல அமுக்கினா காருக்கு உத்தரவு."

"அதான் நேத்து கார்ல அத்தான் அக்காவைத் திட்டினப்ப வைப்பர் ஓடுச்சா?"

"ஆமா."

அவரவர் சொல்கிற காரணத்தைத் தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. எல்லா நியாயத்தையும் ஒரே மனுஷனுடைய ஒரே விரலில் மாட்டினால் பைத்தியக்காரத்தனமாக இருந்தது.

"எனக்கே தெரியலையே தாயி," என்றார் அத்தான். "வெளிய போகுதா, உள்ள நிக்குதான்னு எனக்கே தெரியலையே. ரெண்டும் என் காதுல ஒண்ணுபோலத்தான கேக்குது?"

பானு கொஞ்சம் தயங்கினாள். "பட்டையிலருந்து காதெலும்பு வழியா உங்களுக்கு எப்பவும் கேக்கும் அண்ணாச்சி. வெளிய போனாலும் போகாட்டாலும் கேக்கும். நீங்க பேசிப் பாத்துத் திருத்திக்கணும்ல, அதுக்காக. அந்த இடத்துல நாங்க யோசிக்கலைதான்."

எங்கள் பக்கத்துச் சந்தைகளில் முன்பு துண்டைப் போட்டு, அதற்குள் ஒருவர் விரலை மற்றவர் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, மடக்கிப் பிடித்தால் வேறு கணக்கு. ஊருக்கு ஊர் அது மாறும். அந்தத் துண்டுக்குள் நடந்த ஏமாற்றும் கொஞ்சநஞ்சமல்ல, கூடத்தில் அதைத் தடை செய்தபோது நான் ஒன்றும் அழவில்லை. ஆனால் ஒரு வழக்கம் இருந்தது. துண்டைப் போடுமுன் "எந்த ஊர்க் கை?" என்று கேட்பார்கள். எதிராளி சொல்வான். பிறகுதான் விரலைத் தொடுவார்கள். கேட்காமல் கை நீட்டுகிறவனைச் சந்தையில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள்.

இதை அத்தான் பானுவிடம் சொன்னார். "உங்க மிஷினு ஏன் கேக்க மாட்டேங்குது? வாசல்ல நுழையும்போதே 'அண்ணாச்சி, இங்க அமுக்கினா மௌனம்'னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா?"

"சொல்ல வெச்சோம் அண்ணாச்சி, முதல் மாடல்ல. பாத்ரூம் கதவுல சொல்லும், லிஃப்ட்ல சொல்லும், டீக்கடையில சொல்லும். ஒரே வாரத்துல ஜனங்க எல்லாரும் அதை அணைச்சுப் போட்டாங்க. நாங்களே எடுத்துட்டோம்."

பானு ஒரு புகார் மட்டும் எழுதிக்கொண்டு போனாள், ஏலக்கூடத்து சிஸ்டத்தை எங்கள் வீட்டுப் பழக்கத்துக்கு மாற்றச் சொல்லி. "மாத்துவாங்களான்னு எனக்குத் தெரியாது. எழுதுறது என் கடமை" என்றாள்.

அடுத்த வாரம் சங்கத் தலைவர் குருவலிங்கம் அண்ணாச்சி எங்கள் வத்தல் கடைக்கே வந்தார். காபி வேண்டாம் என்றார். வியாபாரி காபியை வேண்டாம் என்றால் விஷயம் பெரிது.

"வெயிலு, உன்னைக் கட்டாயப்படுத்தி எழுப்பிவிடணும்னு எனக்கு ஆசையா? ஆனா யாரும் உன் காதுகிட்ட வர மாட்டேங்கிறான். தரகர் நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு நீ யார்கிட்ட தரகு பேசப் போறே?"

"இன்னொரு தடவை குடுங்க அண்ணாச்சி."

"குடுக்கிறேன். அடுத்த மாசச் சந்தைக்கு அதே சேதுபாண்டி, அதே லோகநாதன். கெட்டுப்போன இடத்துலயே சரி பண்ணு. படிஞ்சா நாற்காலி உனக்கு. ஒரு வார்த்தை கசிஞ்சாலும் நீயே எழுந்திருச்சுப் போயிரணும். நான் சொல்லி எழுப்புற மாதிரி வெச்சுக்கிடாதே."

அத்தானுக்கு அந்த நாற்காலியை விட்டால் வேறு ஒன்றும் தெரியாது. குரல் போனபோது அழாத மனுஷன். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்கே முடியவில்லை.

பயிற்சி ஆரம்பமானது. கூடத்தில் அமுக்கினால் மௌனம், விட்டால் பேச்சு என்று கைக்குப் புதுப்பழக்கம் ஏற்ற வேண்டும். வீட்டில் அதற்கு நேர்மாறு. நான் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "அத்தான், இது வீடு, அமுக்கு! அத்தான், இது கூடம், விடு!" என்று கத்தினேன். தெருவில் போகிறவர்கள் மாடு பழக்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நாலு நாள் நன்றாகப் போகும். ஐந்தாம் நாள் கை பழைய ஞாபகத்தில் வேலையைக் காட்டிவிடும். ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அந்த மண்டபத்தில் அமுக்கினால் மேடை மைக்கில் அறிவிப்பு என்று யார் கண்டது? மௌனம் என்று நினைத்து அவர் அமுக்கிக்கொண்டிருக்க, முகூர்த்த நேரம், மேளம் சற்றே ஓய்ந்த இடத்தில், "மூக்கு அப்படியே தாய்மாமன் மூக்கு. இந்தப் பயலுக்கு இவ்வளவு நல்ல பொண்ணா?" என்று அறிவிப்பு வந்தது. சாப்பிடாமல் வந்துவிட்டோம். எனக்குப் பாயசம் போனதில் தனி வருத்தம்.

பானுவுக்கு நான் போன் போட்டுத் திட்டினேன். கூடத்து சிஸ்டம் போட்டவனுக்குப் போன் போட்டேன், அவன் கைக்குரல் கம்பெனியைக் கேள் என்றான். மண்டபத்துக்காரன் ஸ்பீக்கர் கடையைக் கேள் என்றான். ஸ்பீக்கர் கடைக்காரன் எனக்குப் புது ஸ்பீக்கர் விற்கப் பார்த்தான். அந்த ஒருவன்தான் வியாபாரி.

இதெல்லாம் சிரிப்பு. சிரிப்பில்லாதது ஒன்று நடந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அத்தான் பேச்சைக் குறைத்தார். பிறகு சாப்பிடும்போது, பேப்பர் பார்க்கும்போது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது முகத்தில் ஒரு வெறுமை தெரிந்தது. ஒருநாள் கடையில் கேட்டேன்.

"என்ன யோசனை அத்தான்?"

அமுக்குவதா விடுவதா என்று விரலைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒண்ணும் யோசிக்கலை மாப்ளே. யோசிக்கிறதையே விட்டுட்டேன். உள்ள ஒரு வார்த்தை எட்டிப் பார்த்தா உடனே துடைச்சுப் போடுறேன். நினைச்சாத்தான வெளிய போகும்? நினைக்கவே இல்லைன்னா எந்தச் சிஸ்டம் என்ன செய்யும்?"

"அது எப்படி அத்தான் முடியும்?"

"முடியுது. ராமர் படத்தைப் பாக்கிறேன், சும்மா பாக்கிறேன். முன்ன ஏதாவது வேண்டிக்கிடுவேன். இப்ப அதுவும் இல்லை."

எனக்கு வாயாடத் தெரியாத விஷயம் ஒன்று உண்டென்றால் அதுதான். எழுந்து போய் மூட்டை எண்ணுகிற மாதிரி நின்றேன்.

சந்தை நாள் வந்தது. வாசலில் அத்தான் என் தோளைத் தொட்டு, "இன்னிக்கு ஒரே முடிவு மாப்ளே. உள்ளே எதுவும் நினைக்க மாட்டேன். நினைக்கிறதெல்லாம் பேச்சாவே நினைப்பேன். விரலை அமுக்கவே மாட்டேன், திறந்தே வெச்சுக்கிட்டுப் பேசிப் படிய வெச்சுருவேன்" என்றார். அதுவும் நல்ல யோசனைதான். கூடத்தில் விட்டால் பேச்சு. மறைக்க எதுவும் இல்லாவிட்டால் கசிய என்ன இருக்கிறது?

பார்வையாளர் கம்பிக்கு வெளியே நான் நின்றேன். உள்ளே மூவரும் உட்கார்ந்தார்கள். சேதுபாண்டி ஒரு விலை சொன்னார். லோகநாதன் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அடிமாட்டு விலை ஒன்று சொன்னான்.

அத்தான் அவன் பக்கம் திரும்பினார். விரல்கள் விரிந்திருந்தன. முகம் பேசியது, புருவம் பேசியது, கழுத்து நரம்பு துடித்தது. ஸ்பீக்கரிலிருந்து சத்தமே இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. சிஸ்டத்தை மாற்றிவிட்டார்கள். பானு எழுதிய புகாரை எவனோ படித்து, எங்கள் நல்லதுக்காக, கூடத்தை வீட்டு மாதிரி ஆக்கிவிட்டான். இப்போது இங்கேயும் அமுக்கினால்தான் பேச்சு. அத்தான் திறந்த கையோடு தன் காதுக்குள் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறார். கம்பியைத் தாண்டிக் கத்தினால் ஏலம் ரத்து. விரலைச் சேர்த்துச் சேர்த்து நான் சைகை காட்டியதை அவர் பார்க்கவும் இல்லை.

லோகநாதன் காத்திருந்தான். தரகர் பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டும், திட்டவாவது வேண்டும். இவர் சொல்லவில்லை. அவனையே பார்த்தார். நிதானமாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினார். லோகநாதன் நாற்காலியில் அசைந்து உட்கார்ந்து கொஞ்சம் ஏற்றினான். அத்தான் புருவத்தை உயர்த்தினார். இன்னும் கொஞ்சம் ஏற்றினான். ஏற்றிவிட்டு, "என்ன அண்ணாச்சி, ஏதாவது சொல்லுங்களேன்" என்றான். அத்தான் கையை விரித்துக் காட்டினார். அவரைப் பொறுத்தவரை அப்போது பெரிய நியாயம் ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

சேதுபாண்டிக்கும் வியர்த்தது. தரகர் தனக்காகவும் பேசவில்லையே, வேறு சரக்கு ஏதாவது பார்த்து வைத்திருக்கிறாரோ என்று பயம். அவர் தானாகவே ஒரு படி இறங்கினார். இவன் ஏற, அவர் இறங்க, இரண்டு பேரும் நடுவில் முட்டிக்கொண்டார்கள். அத்தான் இருவர் கையையும் பிடித்துச் சேர்த்து வைத்தார்.

குருவலிங்கம் அண்ணாச்சி எழுந்து வந்து அவர் முதுகில் தட்டினார். "வெயிலு! ஒரு வார்த்தை பேசாம படிய வெச்சியேப்பா. தரகுன்னா இதுல்ல தரகு!" அவர் வாயெடுத்ததுமே கூடம் கை தட்ட ஆரம்பித்திருந்தது. அந்த இரைச்சலில் 'ஒரு வார்த்தை பேசாம' என்ற பாதி அத்தானுக்குக் கேட்கவில்லை. கையை விரித்து அவருக்கு நன்றி சொன்னார், பக்கம் பக்கமாகச் சொல்லியிருப்பார். எல்லோரும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அத்தான் மோதிரத்தை அமுக்காமல் வந்தார், கார் வைப்பருக்குப் பயந்து. வீட்டுக்குள் நுழைந்ததும் அமுக்கினார்.

"பாத்தியா மாப்ளே? எப்படிப் பேசினேன்! லோகநாதன்கிட்ட மழை வந்தா சரக்கே வராதுன்னு தூக்கிப் போட்டேன் பாரு, அப்படியே ஆடிப்போயிட்டான்!"

"ஆமா அத்தான்" என்றேன். வேறென்ன சொல்ல? வாரக்கணக்கில் முகத்தில் இல்லாத வெளிச்சம் அது. அவர் குளிக்கப் போனார். நான் நேரே அடுப்படிக்குப் போனேன். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கூடத்துல மாத்திப்புட்டாங்க. அத்தான் பேசினது ஒரு வார்த்தை வெளிய வரலை."

"தெரியும்" என்றாள், தலையைத் தூக்காமல். "காலையில பானு போன் பண்ணுச்சு. இனிமே கூடத்துலயும் வீட்டு மாதிரிதான், அண்ணாச்சிகிட்ட சொல்லிருங்கன்னு சொல்லுச்சு."

"சொல்லலையா நீ?"

"சொன்னா அமுக்கிப் பேசியிருப்பாக."

"பேசத்தான அக்கா போனாக? நாற்காலியே போயிருக்கும்! எந்தத் தைரியத்துல சொல்லாம விட்டே?"

அக்கா கத்தியை வைத்துவிட்டு, குளியலறைக் கதவு மூடியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்தாள்.

"ஆபரேஷன் முடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தாகல்ல? அங்க விட்டாத்தான் பேச்சுன்னு அன்னிக்கு எங்களுக்கு யாரு சொன்னா? மோதிரத்தை மாட்டிவிட்டுட்டுப் போயிட்டாங்க. இவுக கையைத் துவளப் போட்டுக்கிட்டு, மனசுக்குள்ள நினைக்கிறதா நினைச்சுக்கிட்டுப் படுத்துருந்தாக. பகல் பூரா ஸ்பீக்கர்ல வந்துக்கிட்டே இருந்துச்சு. நான் பக்கத்துல உக்காந்து கேட்டேன். நர்ஸு வந்தா டிவியைச் சத்தமா வெச்சேன்."

நான் குளியலறைக் கதவை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்.

"அதுல ஒரு நாள் சொன்னாக. 'நான் பேசி ஒரு பேரமும் படிஞ்சதில்லை. எப்பல்லாம் என்ன சொல்றதுன்னு தெரியாம முழிச்சேனோ அப்பத்தான் படிஞ்சுது. இது வெளிய தெரிஞ்சா என்னை எவன் மதிப்பான்'னு." அக்கா மறுபடியும் கத்தியை எடுத்தாள். "அதான் சொல்லலை."

"அத்தானுக்கு இது...?"

"எதுக்கு? ஏற்கெனவே நினைக்கிறதையே விட்டுட்டாக. இதையும் சொன்னா மிச்சம் இருக்கிறதும் போயிரும். அடுத்த சந்தைக்குள்ள எவனாவது வேற மாதிரி மாத்துவான். அப்ப பாத்துக்கிடலாம்."

தரகர் நாற்காலிக்காக நாங்கள் கூடத்தில் அடித்துக்கொள்கிறோம், இங்கே ஒருத்தி ஒரு வருஷமாக ஒரு மனுஷனை முழுசாகக் காதில் வைத்துக்கொண்டு குழம்பு வைக்கிறாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, என்னைப் பத்தி ஏதாவது சொன்னாகளா?"

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வெங்காயத்தில் கலங்கிய கண். ஈரக் கையைத் தூக்கி, கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு சேர்த்து, எனக்கு நன்றாகத் தெரியும்படி அமுக்கிக் காட்டினாள்.

இந்த அடுப்படியில் அமுக்கினால் பேச்சா, மௌனமா? எந்த ஊர்க் கை என்று கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? கேட்க வாயெடுத்தேன். உள்ளே குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பேசாமல் வெளியே வந்துவிட்டேன்.